மோதியது எது என்று எழுதுங்கள்

பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரத்தில் பல்லடம் சாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் திருப்பூரின் ஆபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. துணி ரோல்களைச் சுமந்து போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.களை உரசிக்கொண்டு லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடுகின்றன. இந்த நெரிசலில் அடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்ததும், விபத்துப் பதிவேட்டில் பெரும்பாலும் ஏறுவது ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து) என்ற மூன்றெழுத்துதான். எலும்பு எங்கே முறிந்தது என்பது கேஸ் ஷீட்டில் துல்லியமாக இருக்கும். அடித்தது எந்த வண்டி என்பது இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 வகைப்பாட்டில் இதற்கு இடம் இருக்கிறது. காயத்துக்கு ஒரு குறியீடு, காயம் நேர்ந்த விதத்துக்கு இன்னொன்று. எஸ் 72 என்றால் தொடை எலும்பு முறிவு. வி 24 என்றால் பைக்கில் போனவர் கனரக வாகனத்திலோ பஸ்ஸிலோ மோதிக் காயமடைந்தார் என்று பொருள். காரோ வேனோ என்றால் வி 23. ஓட்டியவரா, பின்னால் உட்கார்ந்திருந்தவரா என்பதைக்கூடப் புள்ளிக்குப் பின் வரும் எண் சொல்லிவிடும். இந்த இரண்டாவது குறியீட்டைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

விட்டால் என்ன? லாரியின் பக்கவாட்டில் சரிந்து, பின் சக்கரத்தில் இடுப்பு நசுங்கியவரை எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. அவருக்குத் தேவை லாரியில் பக்கவாட்டுத் தடுப்பும், ஷிப்ட் நேரத்தில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொட்டினால் சாலைப் பாதுகாப்பு என்பது ஹெல்மெட் பேரணியோடு முடிந்துவிடும். 2022இல் தமிழகத்தில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

போலீஸ் பதிவு இருக்கிறதே என்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் வண்டி விவரம் ஏறுகிறது, உண்மைதான். ஆனால் ஸ்டேஷனுக்கே போகாமல் பேசி முடிக்கப்படும் வழக்குகள், குறிப்பாக வடமாநிலத் தொழிலாளர்களுடையவை, அதில் எப்படி வரும்? அவர்களும் மருத்துவமனைக்கு வந்துதானே ஆகவேண்டும்.

நள்ளிரவில் கூட்டத்தைச் சமாளிக்கும் டூட்டி டாக்டர் குறியீட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் குறை நியாயமானது. குறியீடு போடுவது பதிவேட்டுப் பிரிவு ஊழியரின் வேலை. டாக்டர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எதில் போனீர்கள், எது மோதியது? இழப்பீட்டு வழக்கில் கோர்ட்டுக்கு இழுப்பார்களே என்று தயங்குபவர்கள் ‘அடிபட்டவர் சொன்னபடி’ என்று சேர்த்து எழுதலாம்.

முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. விபத்துக் குறியீடு இல்லாத பில்லுக்கு அதில் பணம் இல்லை என்று அரசு உத்தரவிட்டால் தனியார் மருத்துவமனைகளும் எழுதத் தொடங்கிவிடும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உத்தரவுக்குக் காத்திராமல் இந்த மாதமே ஆரம்பிக்கலாம். ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில், எந்தச் சாலையில் எத்தனை வி 24 என்ற பட்டியல் மேஜைக்கு வரட்டும்.