கொல்லைப்புறம் பொழுதுபோக்கன்று

வீட்டுத் தோட்டம் குறித்து இலக்கிய அன்பர்கள் எழுதும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே தடத்தில் நடப்பவை. ஒரு விதை முளைக்கிறது. ஒரு பூ மலர்கிறது. எழுதுபவரின் மனம் அமைதியடைகிறது. தோட்டம் ஓர் இனிய பொழுதுபோக்கு என்ற முடிவோடு கட்டுரையும் நிறைவுறுகிறது. இம்முடிவோடு நமக்கு உடன்பாடில்லை. நகரத்து மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கு அது பொருந்தலாம். சிலமலைக்குப் பொருந்தாது.

சிலமலை, போடிநாயக்கனூருக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள ஊர். போடி வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுப் போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்கின்றன. செல்வோரிற் பெரும்பாலோர் பெண்கள். ஏலக்காய் எடுப்பது எளிய வேலையன்று. ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. இளங்காயைப் பறித்தால் உலரும்போது சுருங்கும். பழுக்க விட்டால் வெடிக்கும். கண்ணும் விரலும் சேர்ந்து காய்க்குக் காய் முடிவெடுக்க வேண்டும். இத்தேர்ச்சிக்கு ‘வேலை’ என்று பெயர், கூலி உண்டு. பறித்த காய் போடியில் மில்லிமீட்டர்க் கணக்கில் தரம் பிரிக்கப்படுகிறது; 8 மில்லிமீட்டருக்கு ஒரு விலை, 7-க்கு ஒரு விலை.

அதே பெண் மாலையில் வீடு திரும்பிக் கொல்லைப்புறத்துக்குச் செல்கிறாள். அங்கேயும் அதே கண், அதே விரல். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கப்பட வேண்டும். இரண்டு நாள் தவறினால் நாரோடி விறகாகிவிடும். புடலம்பிஞ்சு சுருளாமல் நீள அதன் நுனியில் சிறு கல்லைக் கட்ட வேண்டும். அவரையில் அசுவினி ஏறினால் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். பூசணிப்பூ விடியலில் விரிந்து வெயிலேறியதும் வாடும். தேனீ வராத நாளில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் ஒற்றிவிடுவதும் ஜீப் வருமுன் முடிந்தாக வேண்டிய காரியம். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாகச் சேரும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போக வேண்டும்; புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. முதற்காய்களில் நல்லதொன்றைப் பறிக்காமல் முற்றவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதையெடுக்க வேண்டும். மலையில் வேலை எனப்பட்டது கொல்லையில் மட்டும் எப்படிப் பொழுதுபோக்காகும்? போக்குவதற்கு அவளிடம் பொழுது எங்கே இருக்கிறது?

‘அளவு மிகச் சிறிது, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?’ என்பார் உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லை விளைச்சல் ஒருநாளும் மூட்டையாக வருவதில்லை. ஒரு கைப்பிடி வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு முருங்கைக்காய் என்றுதான் வரும். தனித்தனியே எதுவும் ஒரு குழம்புக்குக் காணாது. சேர்த்துப் போட்டால் வீடு முழுவதும் உண்ணும். மிஞ்சியது கிண்ணத்தில் அடுத்த வீட்டுக்குச் செல்லும்; அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. மழையால் மலைவேலை நின்று கூலி இல்லாத வாரத்தில் அடுப்பெரிய வைப்பது இக்கைப்பிடிதான். சந்தைக்குப் போகாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததைச் சிறியது என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது.

அரசின் கணக்கும் இதில் நமக்கு இளைத்ததன்று. முழங்கால் தேய்ந்து இனி மலையேற முடியாத ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். நாளெல்லாம் கொல்லையைப் பேணுகிறாள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 93 என்றொரு குறியீடு உண்டு. வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்காகக் காய், கிழங்கு, விறகு சேகரிப்பவர்களுக்கும் தையல், நெசவு செய்பவர்களுக்கும் உரியது. இக்குறியீடு பெற்றவர்கள் உழைப்போர் தொகுதிக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 2011-12-இல் நடந்த 68-ஆம் சுற்றில், வீட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பராமரிக்கிறீர்களா என்று இத்தகைய பெண்களிடம் தனியே கேட்கவும் செய்தார்கள். ‘ஆம்’ என்றவளும் உழைப்பவளாகவில்லை. 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சொந்தப் பயன்பாட்டுக்கான பொருளுற்பத்தி என்று தனித் தலைப்பிட்டு இத்தகைய நேரத்தை அளந்தது. அது நல்ல தொடக்கம். ஆயினும் நேரத்தை அளப்பது வேறு. அந்நேரத்துக்குரியவளை உழைப்பாளி என்று ஒப்புவது வேறு.

‘எல்லாவற்றையும் கூலிக் கணக்காக்கினால் அன்புக்கு இடமேது?’ என்று இலக்கியவாணர் கேட்கலாம். அவர்களுக்கு நற்றிணையின் 172-ஆம் பாட்டை நினைவூட்டுவோம். தோழியரோடு விளையாடிய சிறுமி மணலில் அழுத்திய புன்னைக்கொட்டை முளைவிடுகிறது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கிறார்கள். பின்பு அன்னை அம்மரத்தை மகளுக்குத் தங்கை என்கிறாள். விளையாட்டாகத் தொடங்கியதுதான், நாள்தோறும் பேணியதால் உறவாயிற்று. உறவைத் தந்தது பேணல். பேணல் என்பது உழைப்பு. அன்பும் உழைப்பும் பகை என்று அப்பாட்டு எங்கும் சொல்லவில்லை. கொல்லைப் பீர்க்கம்பூவைப் பசலைக்கு உவமையாக்கிய மரபு நம்முடையது. அப்பூவை வகுப்பில் விளக்கும் நாம், அக்கொல்லையைப் பேணியவர் யார் என்று மாணவரைக் கேட்பதில்லை.

கேட்காததன் விளைவு இப்போது மண்ணிலே தெரிகிறது. கொல்லைகள் சுருங்கிவருகின்றன. மனை விலை ஏற, முற்றம் சிமெண்ட் பூசிக்கொள்கிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. வீடில்லாதவர்க்கு அது பெரும்பேறு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுவருக்குள் உள்ளதை மட்டுமே அளக்கிறோம். அவரைப் பந்தலுக்கும் முருங்கைக்கும் கழுவுநீர் வாய்க்காலுக்கும் உரிய இடத்தைப் பற்றிப் பேசுவாரில்லை. பொழுதுபோக்குக்கு எவர் நிலம் ஒதுக்குவார்? நாம் சூட்டிய பெயரே அந்நிலத்தைப் பறிப்பதற்கு வழி செய்கிறது.

நாம் கேட்பது கொல்லைக்குக் கூலியன்று. கொல்லைப்புறத்தில் நடப்பதை வேலை என்று எழுதுங்கள். அதைச் செய்பவளை உழைப்பவள் என்று எண்ணுங்கள். வீடு கட்டும்போது அவளுக்கு இரண்டு பாத்தி அளவேனும் வெறுமண்ணை விட்டுவையுங்கள். தோட்டத்தில் கிடைக்கும் மன அமைதியைப் பற்றி அதன் பிறகு எழுதலாம். அன்றைக்கு அவளுக்கும் அதில் கொஞ்சம் மிஞ்சும்.