ப்ராக்ஸி கொடுத்த திராட்சை!

ரெஜிஸ்டர்ல ஒரு பேரு, பெஞ்சுல வேற ஆளு. ப்ராக்ஸி வித்தை நமக்குப் புதுசா என்ன? ஆனா, ஒரு நாடே நூறு வருஷத்துக்கு மேல ஏமாந்த ப்ராக்ஸி ஒண்ணு இருக்கு. கொடுத்தது ஒரு திராட்சை! பேரு கார்மெனேர். (ஆமாம், ஒயின் மேட்டர்தான். பதறாதீங்க, ஊத்திக் கொடுக்கப் போறதில்லை. கதை மட்டும்தான்.)

பிறந்த ஊர் ஃபிரான்ஸில் உள்ள போர்டோ. இலையுதிர் காலத்தில் இலையெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்புதான் பேருக்குக் காரணம். பார்க்க அழகு, ஆனா படு நோஞ்சான். பூக்கும்போது மழையும் குளிரும் சேர்ந்தால், பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற துளியூண்டு பூச்சி, ஐரோப்பியத் திராட்சைகளின் வேரை உறிஞ்சித் தோட்டம் தோட்டமாகச் சாகடித்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். மறுபடி நடும்போது நோஞ்சானை யார் சீண்டுவா? போர்டோ அதை மறந்தே போச்சு.

ஆனா, பூச்சி வருவதற்கு முன்பே சிலி நாட்டுப் பணக்காரர்கள் போர்டோவிலிருந்து குச்சிகளைக் கொண்டுபோய் நட்டிருந்தார்கள். வடக்கே அடகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ், மேற்கே பசிபிக். பூச்சி அங்கே காலூன்றவே இல்லை. மெர்லோவும் கார்மெனேரும் ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்தன. இலையும் குலையும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. எல்லாத்துக்கும் 'மெர்லோ'ன்னே பேரு.

வினை இங்கேதான். கார்மெனேர் பழுக்க மெர்லோவைவிட மூணு, நாலு வாரம் கூடுதலா ஆகும். அறுவடையோ ஒரே நாளில்! காயும் கனியுமா பிழிஞ்சா, ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கும். குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் வகைதான் இந்தத் திராட்சையிலும். வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கத்தான் அது குறையும். பாவம், திராட்சை மேல தப்பே இல்லை. அடுத்தவன் டைம்டேபிள்ல பரீட்சை எழுத வெச்சுட்டாங்க!

1994 நவம்பர் 24. மாநாட்டுக்கு வந்த ஃபிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கில் 'கார்மென்' கம்பெனித் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பூவின் மகரந்தக் காம்புகள் முறுக்கிக்கொண்டு இருந்தன. இது மெர்லோவே இல்லைன்னுட்டார்! பின்னாடி வந்த டி.என்.ஏ. சோதனையும் அதையே சொன்னது.

துள்ளிக் குதிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? மெர்லோவுக்கு மார்க்கெட் சூடா இருந்த நேரம் அது. யாருக்கும் தெரியாத பேரில் எப்படி விற்கிறது? 1996-ல் கார்மென் கம்பெனியே 'கிராண்ட் விடூர்' என்ற பழைய பேரில்தான் பாட்டிலை இறக்கியது. 1998-ல்தான் சிலி அரசு தனி ரகம்னு ஒப்புக்கொண்டது. சீனாவில் 'கபர்னே கெர்னிஷ்ட்'னு வளர்ந்ததும் இதே ஆள்தான்னு அப்புறம் தெரிஞ்சது. செம கில்லாடி!

இப்போ தனியாகக் காத்திருந்து பறிக்கிறார்கள். காச்சபோவல் பள்ளத்தாக்கின் பேயுமோ, கோல்ச்சகுவா இரண்டும் இதுக்குப் பேர்போன இடங்கள். கறுப்பு ப்ளம், சாக்லேட், கொஞ்சம் புகை வாசனை. ஓரமா அந்தக் குடைமிளகாயும் இருக்கும். அதை அடியோடு துடைச்சா அப்புறம் இது என்ன கார்மெனேர்? என் ஓட்டு அதுக்குத்தான்.

சாப்பாட்டில் கைகொடுப்பதும் அதே வாசனைதான். மாட்டிறைச்சி, வெங்காயம், சீரகம், முட்டை, ஆலிவ் வைத்துச் சுடும் 'எம்பனாடா' சிலியின் சுதந்திரத் திருநாளான செப்டம்பர் 18-க்குக் கட்டாயம் உண்டு. அதே மசாலா மேல் அரைத்த மக்காச்சோளத்தைப் பூசி மண்சட்டியில் சுட்டால் 'பாஸ்தெல் தெ சோக்ளோ'. சீரகமும் சுட்ட இறைச்சியும் இருந்தால் இந்த ஒயின் கச்சிதமாகப் பொருந்தும். துவர்ப்பு மென்மை என்பதால் நாக்கைப் பிடித்து இழுக்காது. காரம் ஓவரானால் மட்டும் சிக்கல். ஆல்கஹால் எரிச்சலைக் கிளப்பிவிடும்.

மீனுக்கு இது செட் ஆகாது. அதுக்கு காசாப்ளாங்கா பள்ளத்தாக்கு சாவிஞான் ப்ளாங்க். சிலியில் அந்தப் பேரில் இருந்த கொடிகளிலும் நிறைய வேற ஆள்னு தெரிய வந்தது தனிக்கதை. அது இன்னொரு வாரம்!