சலங்கையைக் கழற்றி வைக்காதீர்கள்!

"பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி டாக்டர். ஞாபகசக்திக்கும் ஏதாவது லேகியம் கொடுங்க. இந்த வருஷம் பத்தாவது..."

கீழப்பழுவூரில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தாயார் சொன்னது இது. நாடி பார்த்தேன். பெரிய கோளாறு எதுவும் இல்லை. கழுத்தும் தோளும்தான் இறுகிக் கிடந்தன. "ஓடியாடி விளையாடுறதுண்டா பாப்பா?" என்றேன்.

"டான்ஸ் கத்துக்கிட்டு இருந்தேன். நிறுத்திட்டாங்க."

காரணம் பரீட்சை. அதற்கு மேல், "பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே என்ன ஆட்டம்?" என்று பாட்டியின் கண்டிப்பு.

தலைக்குச் சுக்குத் தைலம் கொடுத்தேன். கூடவே, "சலங்கையைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கம்மா" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்!

நடனம் படிப்புக்கு எதிரியா? நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. அதே அடவை முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என்று ஆடுகிறாள் குழந்தை. தாளமோ மாறக் கூடாது. பெருக்கலும் வகுத்தலும் காலிலேயே பழகிவிடுகின்றன. 'அபிநய தர்ப்பணம்' சொல்லும் ஒற்றைக் கை முத்திரைகள் மட்டும் 28. அவற்றை வரிசை மாறாமல் சொல்லி, காட்டிப் பழகுவது மனப்பாடத்துக்கு எவ்வளவு நல்ல பயிற்சி! கோலாட்டத்தில் கவனம் சிதறினால் பக்கத்துப் பிள்ளையின் விரலில் அடி விழும். நடனம் ஆடினாலே மார்க் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. கவனம், பொறுமை, கூட்டத்தின் முன் நிற்கும் தைரியம் இவை வரும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நாமோ பி.டி. பீரியடையும் கணக்குக்குக் கொடுத்து விடுகிறோம்!

பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலப்பட உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது நீங்கள்தானே? பலப்பட்ட இடுப்புக்கு வேலை வேண்டாமா? ருக்மிணி தேவி அருண்டேல் 1935-ல் பரதநாட்டிய மேடை ஏறியபோது அவருக்கு வயது 31. மறு வருஷமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

"எங்களுக்கு வசதி இல்லையே" என்பீர்கள். பெரம்பலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதம் கற்றுத் தருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கும்மிக்கோ வாசல் போதும், காசு வேண்டாம்.

சில யோசனைகள்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே ஆட வேண்டும். அரைமண்டியில் முழங்கால் வலித்தால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் வலி இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் தடையில்லை. கேழ்வரகு, முருங்கைக்கீரை அடிக்கடி கொடுங்கள்.

பையன்களையும் சேர்த்துவிடுங்கள். பரீட்சை சமயத்திலும் மாலையில் அரை மணி நேரம் ஆடட்டும். லேகியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.