போனவர் பெயரை யார் எடுப்பது?

நம் நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் கலவறை என்று ஒன்று உண்டு. அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாம் அங்கேதான். பொறுப்பாக ஒருவரை உட்கார வைத்துவிடுவார்கள். ஆக்குப்புரையிலிருந்து ஆள் வந்து கேட்டால் அவர்தான் அளந்து கொடுப்பார். மாப்பிள்ளையின் சித்தப்பாவே ஆனாலும் தானாக உள்ளே போய் எடுக்க முடியாது. அதில் யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை.

கம்ப்யூட்டரில் ‘ஆக்சஸ் கண்ட்ரோல் லிஸ்ட்’ என்பதும் ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர்ப் பட்டியல். இவர் பார்க்கலாம், இவர் திருத்தலாம், இவர் அழிக்கலாம் என்று இருக்கும். பட்டியலில் இல்லாதவருக்குக் கதவு திறக்காது. அவரவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அனுமதி போதும் என்பதை சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1975-லேயே விதியாக எழுதி வைத்தார்கள்.

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் விதி இருந்தது. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் லீவு போட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கை மாறும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று அதே முறைதான். ஆனால் இரும்புச் சாவியைக் கொடுக்க யோசித்தவர்களே பாஸ்வேர்டை வாயால் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய்க்கு மோசடி நடந்ததாக அறிவித்தது. ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுக்குப் போன உறுதிக் கடிதங்கள் வங்கியின் சொந்தக் கணக்கு மென்பொருளில் பதிவாகவே இல்லை. இரண்டும் இணைக்கப்படாமல் இருந்தன. ஒரு வாசலில் எவ்வளவு பெரிய பட்டியல் ஒட்டினாலும், பக்கத்து வாசலைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் என்ன பிரயோஜனம்?

அவ்வளவு பெரிய இடத்துக்குப் போவானேன்? நம் ஊர் அலுவலகங்களில் புதிதாக ஒருவர் வந்தால் அன்றைக்கே அவர் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வேலை நடக்காது. மாறுதலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர் பெயரை எடுக்காவிட்டால் எந்த வேலையும் நிற்பதில்லை. அதனால் யாரும் எடுப்பதும் இல்லை. பட்டியல் தடித்துக்கொண்டே போகிறது.

இதில் கடைசியில் மாட்டுவது பெரும்பாலும் சின்ன ஊழியர்தான். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது, லாகின் பெயர்தான் தெரியும். யார் விரல் தட்டினாலும், விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெயருக்குரியவர். பென்ஷன் நின்றுபோகிற அளவுக்கு அது போகலாம்.

‘ஆள் பற்றாக்குறை சார், இதையெல்லாம் பார்த்தால் கவுண்டர் ஓடாது’ என்பார்கள். நியாயம்தான். அதற்கு அன்று சாயங்காலம் வரைக்கும் மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி கொடுக்கலாமே. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதும் பதிவில் இருக்கும்.

நீங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ, கோயில் டிரஸ்டிலோ, பள்ளிக்கூட நிர்வாகத்திலோ இருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்றைக்கும் திறக்கிறதா?’ திறந்தால், அந்தக் கூட்டம் முடிவதற்குள் அதை மூடச் சொல்லுங்கள்.