சராசரி முப்பது, முப்பது நிறுத்தவர் யார்?

ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் சராசரி, நடுவெண், முகடு, வீச்சு ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றைக் கணக்கிடுவதில் நம் மாணவர் பெரிதும் தவறுவதில்லை. கூட்டுவர், வகுப்பர், விடையின் அடியில் இரு கோடும் இடுவர். எனினும், விடையைக் கண்டவர் யாவரும் அதன் பொருளையும் கண்டனரோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு.

அதனை அறியும்பொருட்டு வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தோம். தெமியாங் பிள்ளைகளுக்குப் பால் நிறுவை புதியதன்று. பால்மரம் வெட்டும் ஐவர் ஒரு நாளில் நிறுத்த பால் 20, 22, 24, 25, 59 கிலோகிராம் எனின், சராசரி யாது? வகுப்பு முழுவதும் 30 என எழுதிற்று. சரியே. "இவ்வைவருள் முப்பது கிலோ நிறுத்தவர் யார்?" என அடுத்துக் கேட்டோம். வகுப்பில் ஒரே அமைதி. பின்னர் ஒரு மாணவன் எழுந்து, "ஒருவருமில்லையே ஐயா, கணக்குத் தவறா?" என்றான். தாயுடன் பால் கொட்டகைக்குச் சென்று பழகிய மாணவி ஒருத்தியோ, "ஒருவருக்கு மட்டும் நல்ல நிரை கிடைத்திருக்கும், ஐயா. அவர் பால்தான் மற்றவர் கணக்கையும் உயர்த்திவிட்டது" என்றாள். வரிசையின் நடுவில் நிற்கும் 24 தான் அந்நால்வரின் உழைப்புக்கு அண்மையான எண் என்பதை அவளே கண்டும் சொன்னாள்.

இஃது வகுப்பறை வேடிக்கையன்று. 2022ஆம் ஆண்டுக்குரிய மலேசியக் குடும்பங்களின் மாத வருமானத்தைப் புள்ளிவிவரத் துறை வெளியிட்டது. சராசரி 8,479 வெள்ளி. நடுவெண் 6,338 வெள்ளி. முதல் எண்ணை மட்டும் நாளிதழில் படிக்கும் தோட்டத் தொழிலாளி, நாட்டில் எல்லாரும் எட்டாயிரம் ஈட்ட நாம் மட்டும் பின்தங்கினோமே என மனங்குன்றுவார். அவ்வாண்டில் குடும்பங்களில் பாதி 6,338 வெள்ளிக்கு உட்பட்டே வாழ்ந்தன என்பதை இரண்டாம் எண்ணே உரைக்கும். பெருவருமானம் உடைய சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றனர். இத்தகைய சராசரியைக் காட்டி "உங்கள் நிலை உயர்ந்துவிட்டது" என ஒருவர் கூறின், "நடுவெண் என்ன?" என்று வினவ நம் பிள்ளைக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

சிறுவர்தாம் தடுமாறுவர் என எண்ணற்க. பத்துப் பேர் உள்ள வகுப்பின் சராசரி 80, முப்பது பேர் உள்ள வகுப்பின் சராசரி 60 எனில், இரண்டும் சேர்ந்த சராசரி 70 அன்று, 65. இதையொத்த வினாக்களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பலரும் இடறியதை 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் எனப் பெற்றோர் சிலர் கவலையுற்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் வினாவை அமைப்பவர் ஆசிரியரே. ஆயின் பழைய பயிற்சி நூலின் வினாக்களையே எண்ணை மாற்றிக் கொடுப்போமாயின், தேர்வு போனதால் யாதொரு பயனுமில்லை. காரணம் எழுதச் சொன்னால் திருத்த நேரமாகும் என்பது மெய்யே. அச்சுமையை நாம்தான் சுமக்க வேண்டும்.

அடுத்த மதிப்பீட்டில் சராசரியைக் கண்டதற்கு ஒரு புள்ளியும், அது எதைச் சொல்லவில்லை என்று இரண்டு வரி எழுதியதற்கு இரண்டு புள்ளிகளும் வழங்கவுள்ளோம். கணக்குச் சரியாயிருந்தும் புள்ளி குறைந்தது ஏன் என வினவும் பெற்றோர் விடைத்தாளுடன் அலுவலகத்திற்கு வருக; உடனமர்ந்து பார்ப்போம்.