யார்டுல வேலை செஞ்ச நம்ம பெரியவங்களுக்காக

இன்னிக்கு உபயம், பால்குடம், பார்க்கிங் எதைப் பத்தியும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல கப்பல் பட்டறையில வேலை செஞ்ச அப்பாவோ தாத்தாவோ மாமாவோ இருந்தா முழுசா படிங்க.

செம்பவாங் பக்கம் நம்ம ஆளுங்க வந்து குடியேறினதே நேவல் பேஸ் வேலைக்காகத்தான். புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் கதையே அந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான் தொடங்குது. 1968இல் பிரிட்டிஷ்காரர்கள் பட்டறையைக் கொடுத்துட்டுப் போன பிறகும் வேலை நிக்கல. பாய்லர், நீராவிக் குழாய், இன்ஜின் ரூம்னு எங்கெல்லாம் சூடு இருந்ததோ அங்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சுத்தியிருப்பாங்க. கல்நார்னு தமிழ்ல சொல்வோம். பழுது பார்க்கணும்னா முதல்ல அதை உடைச்சு எடுக்கணும். காத்து போகாத அறை. உடைக்கிறவர் மட்டுமில்ல, பக்கத்துல வெல்டிங் பண்றவர், பெயின்ட் அடிக்கிறவர், கூட்டிப் பெருக்கிறவர் எல்லாரும் அந்தத் தூசியைத்தான் சுவாசிச்சாங்க. அந்த உடுப்பை உதறித் துவைச்ச பாட்டிமாரையும் மறந்துடாதீங்க.

இந்தத் தூசியோட கொடுமை என்னன்னா உடனே ஒண்ணும் செய்யாது. ஆஸ்பெஸ்டோசிஸ்னு நுரையீரல் இறுகிப் போற நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில வர்ற மெசோதெலியோமாங்கிற புற்றுநோய், இதெல்லாம் பெரும்பாலும் 20, 30, 40 வருஷம் கழிச்சுத்தான் தலை காட்டும். அதுக்குள்ள அவர் ஓய்வு பெற்று, பேரப்பிள்ளை எடுத்து, அன்னதானத்துக்கு வரிசையில நிப்பார். மூச்சு வாங்குதுன்னா "வயசாச்சுல்ல"ம்பாங்க. இல்லைன்னா "சிகரெட் குடிச்சாருல்ல". சிகரெட் இருந்தா ஆஸ்பெஸ்டாஸ் தந்த நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும், உண்மைதான். ஆனா மெசோதெலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, இழப்பீடு? நம்ம நாட்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்துல ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியல்ல இருக்கு. முதலாளி தப்பு செஞ்சார்னு நிரூபிக்கத் தேவையில்லை. உள்ளூர்க்காரர், ஒர்க் பெர்மிட்ல வந்தவர்ங்கிற பேதமில்லை. பெர்மிட் ரத்தாகி ஊருக்குப் போனவரும் கேட்கலாம். பொதுவா, நோய் உறுதியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனிதவள அமைச்சுக்குக் கோரிக்கை போகணும். இன்னொரு வழி, வக்கீல் வெச்சு வழக்கு போடுறது. அதுல தொகை கூடுதலாக் கிடைக்கலாம், ஆனா முதலாளியின் கவனக்குறைவை நாமதான் நிரூபிக்கணும். ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. யோசிச்சுத்தான் இறங்கணும்.

எனக்கு இதுல உடன்பாடில்லாத இடம் ஒண்ணு இருக்கு. அந்த வேலையை விட்டு எத்தனை காலத்துக்குள்ள நோய் வந்திருக்கணும்னு சட்டத்தோட பட்டியலே ஒரு கெடு வெச்சிருக்கு. 30 வருஷம் பதுங்கியிருந்து வர்ற நோய்க்குக் கெடு வெச்சா அது யாருக்குப் பயன்படும்? 2025 நவம்பர் 1 முதல் மரண இழப்பீட்டு உச்சவரம்பை 269,000 வெள்ளியா ஏத்தினாங்க. நல்ல விஷயம். ஆனா கதவுக்குள்ளயே விடாதவருக்கு உள்ள எவ்வளவு வெச்சிருந்தா என்ன?

பிரிட்டன் 2014இல் தனிச் சட்டமே போட்டது. பழைய முதலாளியையும் காப்புறுதி நிறுவனத்தையும் கண்டுபிடிக்க முடியாத மெசோதெலியோமா நோயாளிகளுக்கு, காப்புறுதி நிறுவனங்களிடமே பணம் வசூலிச்சுக் கொடுக்கறாங்க. அந்த நாட்டுக்குள்ள தூசி பட்டவங்களுக்கு மட்டும்தான். அதே கடற்படைக்கு இங்க உழைச்ச நம்ம தாத்தாவுக்கு அதுல இடமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்காவது அந்தக் கெடுவை எடுங்க, இல்லைன்னா இப்படி ஒரு நிதியாவது வையுங்கன்னு நாம கேட்கணும். மக்கள் சந்திப்புக்குப் போய் வீடு, பள்ளிக்கூடம்னு கேட்கிறோம், இதையும் கேட்கலாமே.

"கோயில் பக்கத்துல இதெல்லாம் எதுக்கு"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். அந்தப் பெரியவங்க சம்பளத்துல பிடிச்சுக் கொடுத்த வெள்ளியிலதான் அண்ணே பல கோயில்ல கூரையே ஏறுச்சு.

இது முடிஞ்சுபோன கதையுமில்ல. கப்பல்ல புதுசா ஆஸ்பெஸ்டாஸ் போடுறது உலக அளவுல முழுசா நின்னது 2011லதான். பழைய கப்பல் இன்னும் பழுதுக்கு வருது. துவாஸ்ல வேலை செய்யற தம்பிங்களா, பழைய குழாய் உறையைச் சோதிக்காம உடைக்கச் சொன்னா முதல்ல கேள்வி கேளுங்க.

பெரியவங்களுக்கு: பாலிகிளினிக் போனா "நான் யார்டுல இருந்தேன், இத்தனை வருஷம், இன்ன வேலை"ன்னு நீங்களா சொல்லுங்க. டாக்டர் கேட்கட்டும்னு இருக்காதீங்க. பழைய பாஸ், சம்பளச் சீட்டு, கூட வேலை செஞ்சவங்க பேரு, குரூப் போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீங்க. ஞாபகம் இருக்கும்போதே எந்த வருஷம் எந்த இடம்னு எழுதி வெச்சுக்கணும்.

எழுத முடியாதவங்களுக்கு, வர்ற வெள்ளிக்கிழமை இராக்கால பூஜைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்துல கைகழுவுற இடத்துக்குப் பக்கத்து மேசையில நானும் ரெண்டு தொண்டூழியர்களும் உக்காந்திருப்போம். நீங்க சொல்லுங்க, நாங்க எழுதித் தர்றோம். மூக்குக்கண்ணாடியும் பழைய பாஸும் மறக்காம எடுத்துட்டு வாங்க.