பிள்ளையின் அடமும் நோட்பேடும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அதைப் பிள்ளைகளை மிரட்டவும் பயன்படுத்துகிறார்கள். "சமர்த்தாக இருந்தால் கேம்ஸ் உண்டு, ஸ்கூலில் இருந்து புகார் வந்தால் ஒரு வாரம் கம்ப்யூட்டர் கிடையாது" என்பார்கள். என் அக்காவும் அப்படித்தான் ஆரம்பித்தார். இதனால் பயன் இல்லை என்பது என் கருத்து.

அக்கா மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் கேள்வி முடியும் முன்பே விடை சொல்வான். ஆனால் பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு டெஸ்க்குக்கு அடியில் போய்விடுவான். வரிசையில் யாராவது இடித்தால் பிடித்துத் தள்ளிவிடுவான். "இவ்வளவு புத்தி உள்ள பையன், வேண்டுமென்றேதான் செய்கிறான்" என்றார் வகுப்பு ஆசிரியை. வேறு பள்ளி பாருங்கள் என்ற பேச்சும் வந்துவிட்டது.

சில குழந்தைகளை ஒலி, வெளிச்சம், தொடுதல் போன்றவை மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தாக்கும். புத்திசாலிப் பிள்ளைக்கும் இது இருக்கலாம். நன்றாக மார்க் வாங்குவதால் அவன் படும் சிரமம் யார் கண்ணிலும் படுவதில்லை. அடம் மட்டும்தான் தெரிகிறது.

சாப்ட்வேரில் பிழை என்று யாராவது வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "அதற்கு முன் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். அக்காவிடமும் அதையே கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனவே நோட்பேடைத் திறந்து கொடுத்தேன்.

நீங்களும் செய்யலாம். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடித் திறந்து, எஃப்5 கீயை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். அதன் கீழே மூன்று வரி போதும். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பள்ளியில் நடந்தது என்றால் எத்தனை மணிக்கு என்று ஆசிரியையிடம் கேட்டுச் சேர்த்துக் கொள்ளுங்கள். மறக்காமல் சேவ் செய்யுங்கள்.

மூன்று வாரக் குறிப்பைப் படித்தபோது, பெரும்பாலான சம்பவங்கள் பிரேயர் முடிந்து வரிசையில் வரும்போதும், இன்டர்வெல் பெல் அடிக்கும்போதும்தான் நடந்திருந்தன. கணக்கு வகுப்பின் நடுவில் ஒன்றுகூட இல்லை. அதை ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்து ஆசிரியையிடம் கொடுத்தோம். அவர் பெல்லுக்குப் பக்கத்தில் இருந்த அவன் இடத்தை மாற்றினார். வரிசையில் கடைசியாக வரச் சொன்னார். பெல் அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவனிடம் சொல்லிவிடுகிறார். பைசா செலவில்லை. தள்ளுமுள்ளு முழுவதும் நிற்கவில்லை. ஆனால் வேறு பள்ளி என்ற பேச்சு நின்றுவிட்டது.

இந்தக் குறிப்பு டாக்டருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும்கூட உதவும். பரிசோதனையில் ஆட்டிஸம் அல்லது கற்றல் குறைபாடு எனத் தெரிந்தால் கலங்க வேண்டாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இவை இரண்டும் இடம்பெற்றுள்ளன. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற வசதிகளைப் பள்ளியிடம் கேட்கலாம்.

கம்ப்யூட்டரைப் பூட்டி வைப்பதால் பள்ளியில் பெல் சத்தம் குறையப் போவதில்லை. அதைத் திறந்து எஃப்5 கீயை அழுத்துங்கள்.